சத்தமில்லாத ஊர்

தேமா
9 ஜூன் 1991

அன்புள்ள அராபா அக்காவுக்கு,

மழை பிடித்துக்கொண்டதே, உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது? சென்ற வாரம் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய புகைமீன் நல்லபடியாக வந்து சேர்ந்தது.

எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இருபத்தொன்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் மேலே உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு. மணி பார்த்துச் செய்ய ஒரு வேலையும் இல்லாதவனுக்குக் கடிகாரம் கொடுத்த புத்திசாலி யார் என்று தெரியவில்லை.

மான்சாவைப் பற்றி மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மார்ச் மாதம் ஜோஜோவை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் பேசவில்லை. கோபத்தில் பேசாமல் இருப்பதல்ல, அது எனக்குப் பழகினது. இது வேறு. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறாள். கேட்டதற்குத் தலையை ஆட்டுகிறாள். விடுதியிலிருந்து சின்னவள் எசி விடுமுறைக்கு வந்து, அம்மாவின் மடியில் படுத்து அழுதாள். அதற்கும் இவள் வாய் திறக்கவில்லை. கண்ணிலும் ஒரு சொட்டு இல்லை. இருபத்து நாலு வயதுப் பிள்ளையை மூன்று நாள் காய்ச்சலுக்குக் கொடுத்தவள் இப்படி இருந்தால், எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். உடம்பில் ஒன்றுமில்லையாம். "அமைதியான இடத்துல வைச்சுப் பாருங்க"ன்னு சொன்னார். எங்கள் வீட்டுக்கு முன்னால் பகலெல்லாம் கன்டெய்னர் லாரி ஓடுகிறது. பின்னால் வெல்டிங் கடை. இங்கே அமைதிக்கு எங்கே போவது? அதனால் முடிவு செய்துவிட்டேன். நல்ல காற்றும் கொஞ்சம் மரமும் நல்ல மனிதர்களும் உள்ள ஒரு சின்ன ஊராகப் பார்த்து, கன்டெய்னர் சத்தமே கேட்காத தூரத்துக்கு இவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது. உங்களுக்குத் தெரிந்த ஊர் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

உங்கள் கைகளை ஆண்டவர் காக்கட்டும்.

தம்பி,
கொபினா


செக்கொண்டி
24 ஜூன் 1991

என் தம்பி கொபினாவுக்கு,

முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. அறுபத்தெட்டு வயது முழங்கால் வேறென்ன செய்யும்? மற்றபடி நானும் மீன் புகைபோடுகிற என் அடுப்புகளும் சுகம்.

ஊர் தேடுகிறாயாமே. தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா தம்பி? நீ செவ்வாய்க்கிழமை பிறந்தவன், நானும் செவ்வாய்க்கிழமை பிறந்தவள். நம் பிடிவாதம் நமக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். பிறந்த ஊர் இங்கே கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. அப்பா கட்டின வீட்டில் மேற்கு அறை சும்மாதான் கிடக்கிறது. இங்கே வராமல், யாரென்றே தெரியாத ஊரில் போய் யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கப் போகிறாய்?

அமைதி என்று டாக்டர் சொன்னால் உடனே மூட்டை கட்டிவிடுவதா? படித்தவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். கூரையைச் சரி பண்ணு, தோட்டத்தில் நாலு மரவள்ளி நடு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப் போ. நாள் போகப் போக எல்லாம் அடங்கும். நெத்திலி இந்த வருஷம் சரியாக வரவில்லை. விறகு விலை ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு ஆட்டுக்கடா என் புதுக் கூடையைத் தின்றுவிட்டது, அதன் சொந்தக்காரனோடு இரண்டு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை.

மான்சாவை நன்றாகச் சாப்பிடச் சொல். அவள் திடமானவள், தாங்கிக்கொள்வாள். தாங்கிக்கொள்ளாமல் யார் இருக்கிறோம்?

அன்புடன்,
அக்கா அராபா


தேமா
21 ஜூலை 1991

அன்புள்ள அக்காவுக்கு,

ஆட்டுக்காரனோடு சமாதானம் ஆகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே யாருக்கும் நோய்நொடி இல்லை. மான்சா அப்படியேதான் இருக்கிறாள்.

இரண்டு ஊர் பார்த்துவிட்டேன். முதலாவது கிழக்கே ஒரு கடலோர ஊர். தென்னந்தோப்பு, வெள்ளை மணல், குளத்தில் அல்லி. பார்த்தவுடன் மனம் குளிர்ந்துவிட்டது. வாடகை பேசி முடித்து ஒரு தேங்காயும் குடித்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு ஜெபக்கூட்டம் ஒலிபெருக்கியைப் போட்டது. எதிரே இன்னொரு ஜெபக்கூட்டம், அதற்குப் போட்டியாக இரண்டு ஒலிபெருக்கி. ஆண்டவருக்குக் காது கேட்காது என்று இவர்களுக்கு யார் சொன்னது? வீட்டுக்காரரைக் கேட்டேன். "வாரத்துல அஞ்சு நாள்தாங்க"ன்னு தைரியம் சொன்னார்.

இரண்டாவது ஊர் உள்நாட்டில், கோக்கோ மரங்களுக்கு நடுவில். வீடு முத்துப்போல இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளம் அரைக்கும் மில். நான் போனது ஞாயிற்றுக்கிழமை, அதனால் மில் ஓடவில்லை. நல்லவேளை, பேச்சோடு பேச்சாக ஒரு அம்மாள் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் நான் உஷாராகிவிட்டேன். இனி எந்த ஊரையும் வேலை நாளில்தான் பார்ப்பேன், ஒரு மணி நேரமாவது தெருவில் சும்மா உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பேன்.

செக்கொண்டிக்கு வரச் சொன்னீர்கள். வரமுடியாது அக்கா. ஜோஜோவைப் புதைத்த ஊருக்கு அவளை எப்படிக் கூட்டிவருவேன்?

இன்னொன்று, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் நெத்திலி இருக்கிறது, விறகு இருக்கிறது, ஆட்டுக்கடாகூட இருக்கிறது. ஜோஜோவின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அவனை முதன்முதலில் முதுகில் கட்டித் தூக்கியவரே நீங்கள்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொபினா


செக்கொண்டி
5 ஆகஸ்ட் 1991

தம்பிக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

மத்தி இறங்கிவிட்டது. விடியுமுன் கரைக்குப் போனால் இருட்டின பிறகுதான் வீடு. கை ஓயவில்லை, நீளமாக எழுத நேரமில்லை. புகையில் கண் வேறு எரிகிறது.

போனவர்களின் பெயரைச் சும்மாச் சும்மா எடுக்கக் கூடாது. பெரியவர்கள் ஒன்றும் தெரியாமல் சொல்லவில்லை. நீ ஊரைப் பார்.

அராபா


தேமா
30 ஆகஸ்ட் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

மத்தி சீசனில் நின்று நின்று கால் வீங்கியிருக்கும். வெந்நீரில் உப்புப் போட்டு வையுங்கள்.

கிடைத்துவிட்டது அக்கா. அபென்யாசே. அக்வாபிம் மலைமேல் ஒரே ஒரு நீளத் தெரு. கல் கட்டிய பழைய வீடுகள், காலையில் வாசல்வரை வரும் மூடுபனி, வீட்டுக்கு வீடு ஒரு வெண்ணெய்ப்பழ மரம். தேமாவிலிருந்து இரண்டே மணி நேரம். இத்தனை நாள் இது எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை.

நான் ஏமாறவில்லை. போனது புதன்கிழமை, வேலை நாள். மாமரத்தடியில் பத்து மணியிலிருந்து பதினொன்றுவரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்டது இவ்வளவுதான்: ஒரு சேவல், பள்ளிக்கூட மணி, ஒரு பெரியவர் இருமியது. அவர்கூட வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். பிள்ளைகள் விளையாடுகிறார்கள், கத்தவில்லை. ஒரு பெண் கடைக்காரியோடு மிளகாய்க்குச் சண்டை போட்டாள், கிசுகிசுவென்றே போட்டாள். மதுக்கடையில் ரேடியோ இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு ஊர் இந்த நாட்டில் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

வீட்டுக்காரர் லார்பி, ஓய்வுபெற்ற வாத்தியார். முறைப்படி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வந்த காரியம் கேட்டார். அமைதி தேடி வந்தேன் என்றேன். தலையசைத்தார். முன்பு இரண்டு முறை சூடுபட்டவன் அல்லவா, நேராகவே கேட்டேன்.

"ஊர் எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

"இப்ப இப்படித்தாங்க இருக்கணும்" என்றார், அதையும் மெதுவாக.

எவ்வளவு கட்டுப்பாடான மனிதர்கள் பாருங்கள். மூன்று அறை, முன்பக்கம் தாழ்வாரம், பக்கத்து வீட்டில் ஒபோசுவா என்று ஒரு அம்மாள், அவளும் அதிகம் பேசாதவள். அடுத்த சனிக்கிழமை, ஏழாம் தேதி, குடிபோகிறோம். மான்சாவிடம் சொன்னேன். தலையாட்டினாள். கொஞ்சம் வேகமாக ஆட்டியது போலத் தோன்றியது.

சந்தோஷத்தோடு,
கொபினா


அபென்யாசே
20 செப்டம்பர் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. மீனா, முழங்காலா, என்மேல் கோபமா என்று தெரியாமல் எழுதுகிறேன். எதுவானாலும் நீங்கள் நன்றாக இருந்தால் போதும்.

வந்து இரண்டு வாரம் ஆகிறது. நான் நன்றாகத் தூங்குகிறேன். கிரேன் சத்தம் காதைவிட்டுப் போக இத்தனை நாள் பிடித்தது. இந்த ஊரைப் பற்றி ஒரு அதிசயம் சொல்லட்டுமா? இங்கே யாரும் சாவதே இல்லை போலிருக்கிறது. இரண்டு சனிக்கிழமை போய்விட்டது, ஒரு சாவு ஊர்வலம் இல்லை, ஒரு ஒப்பாரி இல்லை. மலைக்காற்றின் மகிமை.

ஆனால் மான்சா மாறவில்லை அக்கா. தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டு ஒபோசுவாவும் அவள் வாசலில் அதேபோல உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி மணிக்கணக்காக இருக்கிறார்கள். ஒரு பேச்சு கிடையாது. நேற்று இவள் எழுந்துபோய் அந்த அம்மாளுக்கு ஒரு தட்டு வறுத்த வாழைக்காய் கொடுத்துவிட்டு வந்தாள். அதை ஒரு முன்னேற்றமாகக் கணக்கில் வைத்திருக்கிறேன். வேறு ஒன்றுமில்லை வைக்க.

அமைதி இவ்வளவு போதாதா? இதைவிட அமைதிக்கு நான் இன்னும் எந்த மலைக்கு ஏறுவது?

பதில் போடுங்கள்.

கொபினா


செக்கொண்டி
25 செப்டம்பர் 1991

அட மண்டுத் தம்பிக்கு,

நான் சுகமா சுகமில்லையா என்பதெல்லாம் அப்புறம். இந்தக் கடிதத்தை மலைக்குப் போகும் வேன்காரன் கையில் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பவில்லை.

சாவே இல்லாத ஊரா? ஐம்பத்தைந்து வயதில் எழுதுகிற எழுத்தா இது? சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நீ குடிபோயிருப்பது ஒட்விராத் திருவிழாவுக்கு முன்னால் வருகிற நாற்பது நாளில். அந்த மலையூர்களில் அந்த நாற்பது நாள் மேளம் அடிக்கக் கூடாது, சாவு எடுக்கக் கூடாது, அழுவதானால்கூட வாய்விட்டு அழக் கூடாது. செத்தவர்களை ஆஸ்பத்திரிப் பெட்டியில் குளிரவைத்துவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மீன்கூடையோடு அந்த மலை ஏறி இறங்கினவள் நான், எனக்குத் தெரியும். உன் வாத்தியார் உன்னை ஏமாற்றவில்லை. வளர்ந்த ஆம்பிளைக்கு இது தெரியாமல் இருக்கும் என்று அந்த மனிதர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். தேமாவிலும்தான் வருஷா வருஷம் மேளத்துக்குத் தடை போடுகிறார்கள். கிரேன் உச்சியில் இருந்தவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

இப்போது கவனமாகக் கேள். அடுத்த செவ்வாய் துப்பாக்கி வெடித்துத் தடையை எடுப்பார்கள். புதன்கிழமை ஊர் முழுக்கத் துக்கம். அந்த வருஷம் செத்த எல்லாருக்கும் எல்லா வீட்டிலும் அழுவார்கள். அதற்குள் மான்சாவைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடு. முடியாவிட்டால் அறையில் வைத்துக் கதவைச் சாத்து. தலைப்பிள்ளையைக் கொடுத்து வெள்ளை உடுத்தின தாய் அவள். அந்தக் கூட்டத்தில் அவள் கால் படக் கூடாது. உனக்கு இன்னும் ஒரு பிள்ளை இருக்கிறாள், மறந்துவிடாதே.

அராபா


அபென்யாசே
6 அக்டோபர் 1991

அக்காவுக்கு,

உங்கள் உடம்பு நலமாக இருக்கட்டும் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவது அப்படி இருக்காது.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. படித்ததும் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று விளங்கியது. செவ்வாய் விடிந்ததும் இறங்கிவிடலாம் என்று பெட்டி கட்டினேன். ஒரு வண்டி இல்லை. எல்லா வண்டியும் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் வந்துகொண்டிருந்தது, கீழே இறங்க ஒன்றும் இல்லை. மத்தியானம் துப்பாக்கி வெடித்தது. பிறகு மேளம். அக்கா, அது ஒரு மேளம் இல்லை, வீட்டுக்கு வீடு, சந்துக்குச் சந்து. நாற்பது நாள் வாயைக் கட்டியிருந்த ஊர் ஒரே மூச்சில் வாயைத் திறந்தது. நான் மான்சாவின் காதில் பஞ்சு வைத்தேன். அவள் எடுத்துப் போட்டுவிட்டாள்.

புதன்கிழமை காலையில் நீங்கள் சொன்னபடி கதவைச் சாத்தினேன். தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போய்த் திரும்பினால், அறை திறந்து கிடக்கிறது. என் பெட்டியும் திறந்து கிடக்கிறது. என்னுடைய கருப்புத் துக்கத் துணியை உடுத்திக்கொண்டு மான்சா ஒபோசுவாவின் முற்றத்தில் நிற்கிறாள். அந்த அம்மாளின் புருஷன் ஆகஸ்ட் கடைசியில் செத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. ஒரு மாதமாகப் பக்கத்து வாசலில் உட்கார்ந்திருந்தது புருஷனை இழந்தவள் என்று எனக்குத் தெரியாது. மான்சாவுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் வேலிவரை ஓடினேன். முற்றம் முழுக்கக் கருப்பும் சிவப்புமாக ஜனம். ஒபோசுவா சாராயக் கிண்ணத்தை மான்சாவிடம் நீட்டி, அங்கே எல்லாரிடமும் கேட்கிற முறைப்படி கேட்டாள்.

"யாருக்காக வந்தீங்க?"

"ஜோஜோ" என்றாள் மான்சா. "என் மூத்த பையன்."

ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். கரகரவென்று, வேறு யாருடையதோ போல. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நம் வழக்கம்தான் இந்த மலையிலும். பெஞ்சில் இருந்த ஒரு கிழவி, "மூத்த பிள்ளைக்குப் பெத்தவ அழக்கூடாதேம்மா"ன்னு இழுத்தாள். ஒபோசுவா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் வீட்டுச் சாவுல யார் அழணும்னு நான் சொல்லிக்கிறேன் சித்தி. கொஞ்சம் தள்ளி உட்காருங்க, இவங்க உட்காரட்டும்."

மான்சா உட்கார்ந்தாள். பிறகு அழுதாள். நான் எழுதி உங்களுக்குப் புரியவைக்க முடியாது. இருபத்து நாலு வருஷத்தையும் சொல்லிச் சொல்லி அழுதாள். அவன் பல் முளைத்தது, சைக்கிளில் விழுந்தது, கல்லூரியிலிருந்து அழுக்குத் துணியோடு வந்தது, எல்லாம். சாயங்காலம்வரை. ஒபோசுவா தன் புருஷனுக்கு அழுதாள், இவள் பிள்ளைக்கு அழுதாள், இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். வேலிக்கு வெளியே நானும் அழுதேன். எனக்கும்தானே மார்ச்சில் வெள்ளை உடுத்திவிட்டார்கள். ஊரே அழுகிற இடத்தில் ஒருவன் அழுதால் யார் பார்க்கப்போகிறார்கள்?

இப்போது கேட்கிறேன். மார்ச் மாதம் வெள்ளைத் துணியை மடித்துக் கையில் கொண்டுவந்தது நீங்கள்தானே? பிள்ளையை மண்ணுக்குள் இறக்கிய நேரத்தில் எங்களை அறைக்குள் உட்காரவைத்து, பிசைந்த கிழங்கும் முட்டையும் ஊட்டிவிட்டது நீங்கள்தானே? அவள் கத்த வாய் திறந்தபோது உள்ளங்கையால் பொத்தினீர்கள். பெற்றவள் அழுதால் அடுத்த பிள்ளையும் போகும் என்றீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், தடுக்கவில்லை. என் பங்கை நான் ஒப்புக்கொள்கிறேன். எசி நன்றாக இருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. அன்று ஏன் அப்படிச் செய்தீர்கள் அக்கா?

கொபினா


அபென்யாசே
10 நவம்பர் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. வேன்காரனிடம் விசாரித்தேன், கடைத்தெருவில் உங்களைப் பார்த்ததாகச் சொன்னான். அதுவரைக்கும் நிம்மதி.

சூடாக எழுதிவிட்டேன். தாய்க்குச் சமமானவரிடம் அந்தக் குரலில் கேட்டிருக்கக் கூடாது. கேள்வியை வாபஸ் வாங்கவில்லை, குரலை வாங்கிக்கொள்கிறேன்.

மான்சா பேசுகிறாள். குழம்பில் உப்பில்லை என்று நேற்று என்னோடு முழுச்சண்டை போட்டாள். தேங்கி நின்ற சாவெல்லாம் இப்போது சனிக்கிழமைதோறும் வரிசையாக நடக்கிறது. என் ஜன்னலுக்கு நேரே ஒலிபெருக்கி. இவள் ஒன்றுவிடாமல் போகிறாள், ஒபோசுவாவோடு சேர்ந்து பெரிய அண்டாவில் சமைக்கிறாள். எனக்குத்தான் இப்போது ஒரு அமைதியான ஊர் தேவைப்படுகிறது.

கொபினா


அபென்யாசே
24 நவம்பர் 1991

அண்ணிக்கு மான்சா வணக்கத்தோடு எழுதுவது,

உங்கள் தம்பி தினமும் தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வயிறு நிறையச் சாப்பிடுவதில்லை. அவருக்காக மட்டும் எழுதவில்லை, எனக்கும் உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது.

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அந்த ஏழு மாதமும் உங்கள் கை என் வாய்மேல் இருந்தது. எதைப் பேசப் போனாலும் அந்தக் கை வந்து நின்றது. அதை நான் மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் அழுது முடித்த பிறகு, அந்த நாளை நிதானமாக நினைத்துப் பார்க்க முடிகிறது. முட்டையை உரிக்க முடியாமல் இரண்டு முறை கீழே போட்டீர்கள். "முழுங்கு, முழுங்கு, முழுங்கினா போயிடும்"னு என் காதில் சொன்னீர்கள். அது எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. யாரோ உங்களுக்குச் சொன்னதைத் திருப்பிச் சொன்ன மாதிரி இருந்தது.

இங்கே எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். அண்ணி, உங்களுக்கு யார்?

முழங்காலுக்கு ஒபோசுவா ஒரு இலை கொடுத்தாள். காயவைத்து அனுப்பியிருக்கிறேன், வெந்நீரில் போட்டு ஒத்தடம் கொடுங்கள்.

மான்சா


செக்கொண்டி
8 டிசம்பர் 1991

என் மான்சாவுக்கு,

இலை வந்தது. இரண்டு நாளாக ஒத்தடம் கொடுக்கிறேன், வலி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஒபோசுவாவுக்கு என் நன்றியைச் சொல். கொபினாவைச் சாப்பிடச் சொல். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது, அதை எழுதுகிற கைதான் இல்லை. நாலு முறை எழுதி நாலு முறையும் அடுப்பில் போட்டேன்.

நீ கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

எனக்கு முதலில் பிறந்தது ஒரு பெண். பதினோரு மாதம் இருந்தாள். சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்திருந்தாள். மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வயிற்றுப்போக்கு, வியாழக்கிழமை இல்லை. எனக்கு இருபத்து மூன்று வயது. அம்மாவும் பெரியம்மாவும் எனக்கு வெள்ளை உடுத்திவிட்டு மேற்கு அறையில் உட்காரவைத்தார்கள். முழுங்கு என்றார்கள். இரண்டு முட்டை முழுங்கினேன். பக்கத்து அறையிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகிற காலடிச் சத்தம் கேட்டது, நான் மென்றுகொண்டிருந்தேன். கொபினா அப்போது கேப் கோஸ்டில் மாமா வீட்டில் படித்தான். விடுமுறைக்கு வந்து, "அக்கா, பாப்பா எங்க?"ன்னு கேட்டான். அம்மா அவனை அறைந்தாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவன் சின்னப் பையன், மறந்துவிட்டான்.

பிறகு எனக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மூவரும் உயிரோடு இருக்கிறார்கள். நான் அழாததால்தான் இருக்கிறார்கள் என்று நாற்பத்தைந்து வருஷம் நம்பினேன். நம்பாவிட்டால் அந்த முட்டைக்கு என்ன அர்த்தம், மான்சா? அதனால்தான் உன் வாயைப் பொத்தினேன். எசியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். உனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். தப்பு செய்துவிட்டேன் அம்மா. என்னை மன்னித்துவிடு. இப்போது மன்னிக்க முடியாவிட்டால், முடிகிறபோது மன்னித்துக்கொள்.

ஜோஜோ. ஜோஜோ. ஜோஜோ. கொபினாவிடம் காட்டு, எழுதிவிட்டேன் என்று சொல். முதுகில் கட்டினால் என் காதைப் பிடித்து இழுப்பான், உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

என் மகளின் பெயர் அம்பா. சனிக்கிழமை பிறந்தாள். இதை எழுதின பிறகு அடுப்படியில் நின்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆட்டுக்காரன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாரைக் கூப்பிடறீங்கம்மா?"ன்னு கேட்டான்.

உங்கள் ஊரில் எனக்கு ஒரு அறை பார். அடுத்த ஒட்விராவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே வந்து, எல்லாரோடும் சேர்ந்து நானும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். என்னிடம் ஒரு கருப்புத் துணி இருக்கிறது. இந்தக் கடற்கரையில் யார் யார் சாவுக்கோ உடுத்தி உடுத்தி நைந்துபோனது. அம்பாவுக்காக அதை ஒரு நாளும் உடுத்தினதில்லை. துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து வைத்திருக்கிறேன்.

உன் அண்ணி,
அராபா